தகட்டுக்குக் காட்டிய தூபம்

போன மாதம் செல்வி போன் செய்தார். நான் வேலை பார்த்த கம்பெனியில் உலோகத்துக்கு மின்சாரத்தால் நிறம் ஏற்றுகிற அனோடைசிங் பிரிவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு.

"சார், புது லைன் வருது. எல்லாம் ஆட்டோமேட்டிக். ஆள் கையே படாது. தொறக்கற அன்னிக்கு உள்ளயே ஹோமம் வளக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க. லைன் ரூமுக்குள்ள பூஜை கூடாதுன்னு ஒரு பழைய ரூல் இருக்குல்ல, அது ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. தீப்புடிச்சிக்கும்னு சொல்றாங்க. தண்ணித் தொட்டி நிக்கிற எடத்துல என்னா சார் தீ?"

"எழுதி அனுப்பறேம்மா."

"ஒரு ரூலுக்கு எழுத என்னா சார் இருக்கு, போன்லயே சொல்லிடுங்க."

"இல்லம்மா. அதுக்கு முன்னாடி நான் சிதம்பரம் ஒரு தடவ போயிட்டு வரணும்."

போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். முன்னே பின்னே இருந்தால் படிப்பவர்கள் சரிப்படுத்திக்கொள்ளவும்.

என் பெயர் தணிகாசலம். திருப்பாதிரிப்புலியூரில் வீடு. காலையில் பாடலீஸ்வரர் சன்னதியில் நின்றுவிட்டுத்தான் எந்த ஷிப்டுக்கும் போவேன். தைப்பூசத்துக்கு வடலூர் நடந்து போவது வழக்கம். ஆரம்பத்தில் புதுச்சேரியில் ஒரு குரோம் பட்டறையில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் பூசினேன். அங்கே கற்றது ஆசிட்டைப் பார்த்தால் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஒரு பாடம்தான். பிறகு கடலூர் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைக்கிற தகடும் ஸ்க்ரூவும் டைட்டானியத்தில் செய்வார்கள். அதற்கு நிறம் ஏற்றுவது எங்கள் வேலை. ஆபரேஷன் மேஜையில் டாக்டர் நிறத்தைப் பார்த்தே இது எந்த அளவு என்று எடுத்துவிடுவார்.

டைட்டானியத்துக்குச் சாயம் கிடையாது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரம்மா இன்றைக்கும் நம்புவதில்லை. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் நீலமும் ஊதாவும் தெரிகிறது பாருங்கள், அது மாதிரி. தகட்டைக் கரைசலில் முக்கி மின்சாரம் விட்டால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏடு படியும். வோல்ட் ஏற ஏற ஏடு கனக்கும், நிறம் மாறும். முதலில் பித்தளை மாதிரி, அப்புறம் ஊதா, நீலம், வெளிர் நீலம், மஞ்சள், ரோஸ், பச்சை. முதல் தடவை பார்த்தபோது வடலூரில் ஜோதி தரிசனத்துக்கு ஏழு திரையும் ஒவ்வொன்றாக விலகுவதுபோல இருந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நிறம் முன்னால்தான் போகும், பின்னால் வராது. நீலத்தைத் தாண்டிவிட்டால் ஆசிட்டில் ஏட்டை உரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். உரிக்கிற ஆசிட் ஏட்டோடு கொஞ்சம் உலோகத்தையும் தின்றுவிடும்.

மின்சாரம் விடுகிறது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் குளிப்பாட்டுகிற வேலை. சோப்புத் தண்ணீர், கழுவல், ஆசிட், கழுவல், மறுபடியும் சுத்தம் செய்த தண்ணீரில் கழுவல். வெறும் கையால் தொடக் கூடாது. தொட்டால் விரல் ரேகை நிறத்தோடு நிறமாக எழுந்து நிற்கும். பவுடர் இல்லாத கையுறை. தகட்டைத் தொங்கவிடுகிற கம்பியும் டைட்டானியமாகத்தான் இருக்க வேண்டும். கழுவி எடுத்தால் தண்ணீர் தகடு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது உடைந்து முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் செபாஸ்டியன் சார். கடலூர் முதுநகர்க்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தரை துடைக்கிற பச்சையம்மா வரைக்கும் எல்லோருக்கும் வாங்க, போங்கதான். தொட்டிகள் வரிசையாக நிற்கிற லைன் அறைக்குள் நுழைகிறவர் கையை வாங்கி மோந்து பார்ப்பார். தலையில் எண்ணெய் வைத்துவிட்டு அந்தக் கையோடு வந்திருந்தால் தெரிந்துவிடும். நிறம் ஏற்றின தகட்டை வெள்ளைத் துணியில் வைத்து வடக்கு ஜன்னல் பக்கம் எடுத்துப் போவார். டியூப் லைட்டை நம்பமாட்டார். மேஜையைச் சுற்றி நடந்து நடந்து பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை வராது, பெட்டியில் வைத்துவிடுவார். சரியில்லை என்றால், "இது இன்னும் குளிக்கல. கூட்டிட்டுப் போயி குளிப்பாட்டிட்டு வாங்க" என்பார். திட்டு அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அவர் எங்களோடு ஒரே ஒரு தடவை இடறினார். தொட்டிக்கு மேல் குனிகிறபோது நெற்றியிலிருந்து திருநீறு உதிர்கிறது, உள்ளே வரும்போது முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொன்னார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் சொன்னவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஒரே நாளில் அது கம்பெனி முழுக்கப் பரவி, வேலையை நிறுத்திக்கொண்டு முதலாளி அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். முதலாளி எங்கள் எதிரிலேயே அவரைக் கூப்பிட்டு, "சார், வேலையப் பாருங்க. நெத்தியப் பாக்காதீங்க" என்றார். எங்களில் சிலர் சிரித்தார்கள். சார் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் எல்லோருக்கும் நெற்றி மறைகிற மாதிரி துணிக் குல்லா தைத்து வந்தது. அவரும் ஒன்று போட்டுக்கொண்டார். அவர் நெற்றியில் மறைக்க ஒன்றும் இல்லை.

இனி கலியபெருமாள் விஷயம்.

கலியபெருமாள் தகடு வெட்டுகிற மில்லிங் மிஷின் ஆபரேட்டர். சிதம்பரத்திலிருந்து தினம் பைக்கில் வருவான். சொந்தம் கிடையாது, ஆனாலும் நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்ள. கேன்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்சில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். செபாஸ்டியன் சார் நடந்து பார்க்கிற மாதிரியே சாம்பார் வாளியைச் சுற்றி நடந்து, "இது இன்னும் குளிக்கல" என்பான். சாரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து போகிறபோது புதுச்சத்திரம் தாண்டி ஒரு லாரி உரசிவிட்டது. தொடை எலும்பு முட்டிக்கு மேலே நொறுங்கிப்போனது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான தகடு இதற்கு எட்டாது, நீளமாக, எலும்பின் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி, "நம்ம ஆளு. நாமளே செஞ்சி குடுப்போம்" என்றார். டாக்டர் அளவு கொடுத்தார். வாரக் கடைசிக்குள் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் காலை அப்படியே போட்டு வைக்க முடியாது என்றும் சொன்னார்.

அந்த நீளத்துக்கு டைட்டானியக் கட்டி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. கலியபெருமாள் மிஷினிலேயே இன்னொருவர் அதை வெட்டினார். ஸ்க்ரூ ஏறுகிற ஓட்டைகளில் மரை போட்டு, மெருகேற்றி எங்களிடம் கொடுத்தார்கள். அந்த அளவுத் தகட்டுக்கு உரிய நிறம் நீலம். கம்பெனியே எங்கள் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொட்டிக்கு மின்சாரம் விடுகிற ரெக்டிஃபையர் பெட்டிக்கு மேலே அம்மன் படம் மாட்டியிருந்தோம், வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் விளக்கேற்றுவோம். அன்று பச்சையம்மா காலையிலேயே தூபக்காலோடு வந்துவிட்டது. கலியபெருமாளைத் தன் பிள்ளை மாதிரி பார்க்கும்.

"தகட்டுக்கு மொதல்ல தூபம் காட்டிட்டு அப்பறமா கரண்டு விடுங்க. அவன் ஒடம்புக்குள்ள போவப்போறது. சாமி பாத்து அனுப்பட்டும்."

யாருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகடு குளித்து முடித்து டைட்டானியக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் உடையாமல் நின்றதை சார் பார்த்துத் தலையசைத்து, காற்றில் உலரவும் விட்டாகிவிட்டது. கற்பூரம் அணைந்துவிடும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினோம். பச்சையம்மா சாம்பிராணியை அள்ளிப் போட்டு, குழந்தைக்குக் குளிப்பாட்டிவிட்டுத் தலைக்குப் புகை போடுவது மாதிரி தகட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. சாரும் கைகட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் அவருடைய சாமியைக் கேட்டிருப்பார்.

பிறகு முக்கினோம். வோல்ட்டை மெதுவாக ஏற்றினேன். பித்தளை நிறம் வந்தது, ஊதா வந்தது, நீலம் வந்ததும் நிறுத்தினேன். கழுவி வெள்ளைத் துணியில் வைத்தோம். நீலத்துக்கு நடுவில் ஊதாவாகத் திட்டுத் திட்டாக, முதுகில் தேமல் படர்ந்த மாதிரி இருந்தது.

சார் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சுற்றி நடந்தார். வெகுநேரம் நடந்தார்.

"உரிச்சிட்டுத் திரும்பப் பண்ணணும்" என்றார்.

"சார், உள்ள போற தகடுதான. கலர யாரு பாக்கப்போறா?" என்று நான்தான் கேட்டேன்.

"தணிகாசலம், நான் கலரப் பாக்கல. அழுக்குக்கு மேல ஏடு படிஞ்சிருக்குது. கலரு அதக் காட்டிக் குடுக்குது. அழுக்கு என்னான்னு தெரியாம ஒருத்தர் ஒடம்புல எப்படி வெக்கிறது?"

உரித்தோம். புதுக் கரைசல் கலக்கினோம். கழுவுகிற தண்ணீரை மாற்றினோம். கையுறை மாற்றினோம். அடுத்த நாள் மறுபடியும் குளிப்பாட்டி மாட்டினோம். தண்ணீர் சுத்தமாக நின்றது.

பச்சையம்மா இந்தத் தடவை எலுமிச்சம்பழமும் பூசணிக்காயுமாக வந்தது.

"கண்ணு பட்டுப்போச்சி. அவன் மிஷின்ல அவனுக்கே தகடு ஓடுதுன்னு ஊரே பேசுனா வேற என்னா ஆவும்? நேத்து சாம்பிராணி பத்தல."

"ஆமா, பத்தல" என்று நாங்களும் சொன்னோம். ஃபேனை நிறுத்தினோம். பச்சையம்மா சாம்பிராணியை நேற்றைவிட ஜாஸ்தியாகப் போட்டது. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. எல்லோரும் கலியபெருமாள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டோம். என் வாழ்நாளில் அவ்வளவு மனசு ஒன்றி நான் சாமி கும்பிட்டது குறைவு.

அப்போது ஒன்று பார்த்தேன். பார்த்ததன் அர்த்தம் அன்றைக்குப் புரியவில்லை. செபாஸ்டியன் சார் சுவர் ஓரம் ஃபேன் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். கை சுவிட்ச் மேல் இருந்தது.

"முடிஞ்சிதாம்மா பச்சையம்மா?"

"இருங்க சார், மூலைக்கு மூலை காட்டணும்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

மறுபடியும் தேமல். முதல் நாளைவிட அதிகம்.  பச்சையம்மா தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் தடவையும் உரித்தோம். உரித்த பிறகு சார் ஒவ்வொரு ஓட்டையிலும் அளவு பார்க்கிற கேஜை விட்டுப் பார்த்தார். உள்ளே போகக் கூடாத கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு தடவை ஆசிட் தின்றதில் மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூ பிடிக்காது.

"எம்புள்ள காலா இருந்தாலும் இத வெக்கமாட்டேன்" என்றார்.  தகட்டில் சிவப்புக் கோடு போட்டுக் கழிவுப் பெட்டியில் வைத்தார்.

வேறு கட்டி வெளியூரிலிருந்து வர வேண்டும். டாக்டரால் காத்திருக்க முடியவில்லை. கையில் இருந்த குட்டைத் தகட்டை வைத்துக் கம்பியால் கட்டி முடித்தார். அவர்மேல் குற்றமில்லை. சில மாதத்தில் எலும்பு நகர்ந்துவிட்டது. சீழ் வைத்தது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். இன்னொரு ஆபரேஷன் செய்து கால் தப்பியது, ஆனால் குட்டையாகிவிட்டது. முட்டி மடங்காது. மிஷின் முன்னால் நின்று வேலை செய்ய முடியாதவனாக ஆகிவிட்டான் கலியபெருமாள். ஸ்டோரில் உட்காருகிற வேலை தருகிறோம் என்று முதலாளி சொன்னார். அவன் வரவில்லை. சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான்.

வராததற்குக் காரணம் செபாஸ்டியன் சார். நடந்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்த விதம் அப்படி. தகடு தயாராக இருந்தது, கலர் சரியில்லை என்று சார் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார், அதனால் கால் போனது. மரை தேய்ந்த கதையெல்லாம் யார் சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை. மில்லிங்காரனுக்கு மரை தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்னைக் கம்பெனிக்கு வரச்சொன்னார். அவர் சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே வந்திருந்தார், வெள்ளைச் சட்டை. லைனில் வேறு யாரும் இல்லை. மேஜைமேல் வெள்ளைத் துணியில் இரண்டு சின்னத் துண்டுகள். ஒன்று மயில் கழுத்து மாதிரி சுத்தமான நீலம். இன்னொன்றில் தேமல்.

"ரெண்டும் ஒரே தகட்டுல வெட்டுனது. ஒண்ணாத்தான் குளிப்பாட்டுனேன். இத ஆபீஸ் ரூம்ல தொங்கவிட்டேன். அத இங்க தொங்கவிட்டு, ஃபேன நிறுத்திட்டு, சாம்பிராணி போட்டேன்."

நான் தூபக்காலைத் தேடினேன். ஓரத்தில் ஒரு பழைய டப்பாவில் கரி இருந்தது.

"சாம்பிராணிக்கு ஏது சார்?"

"எங்க கோயில்ல சாமியார்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். எங்களுக்கும் இதேதான. பிசினு தணிகாசலம். பொகையோட போயி மெல்லிசா ஒட்டிக்குது. கண்ணுக்குத் தெரியாது."

 எல்லோரும் சேர்ந்து உருகி உருகி வேண்டியது அவன் தகட்டின் மேலேயே அழுக்காகப் படிந்திருக்கிறது.

"ரெண்டாவது நாளே எனக்குச் சந்தேகம் வந்திடிச்சி" என்றார். "சுவிட்ச்சுல கைய வெச்சேன். வாய் வரல. போன தடவ நெத்தியப் பத்திச் சொல்லி என்னா ஆச்சின்னு ஒங்களுக்குத் தெரியும். இப்ப ஃபேனப் போட்டா, 'அவன் காலுக்கு நாம வேண்டிக்கறோம், இவன் அதயும் நிறுத்தறான்'னு ஆயிருக்கும். சந்தேகந்தான, இல்லாமலும் இருக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்போம் சார்" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். 

"கலியபெருமாளுக்கு இது தெரிய வேணாம். நாலு பேர் தனக்காக நின்னாங்கன்னு நெனைச்சித்தான் அவர் ஆஸ்பத்திரியில தெம்பா இருக்காரு. பூஜையாலதான் கால் மிச்சமாச்சின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. பச்சையம்மாவுக்குத் தெரிஞ்சா அந்தம்மா உயிர வெச்சிருக்காது. என்னத் திட்டிட்டுப் போவட்டும். நீங்க எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். அவர் முதலாளியிடம் போய், ஆசிட் ஆவி இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று சொல்லி அம்மன் படத்தை வாசல் ஷெட்டுக்கு மாற்றவைத்தார். தீ என்றதும் முதலாளி ஒத்துக்கொண்டார். செல்வி கேட்ட ரூல் வந்தது இப்படித்தான். இந்தத் தடவையும் எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். வேதக்காரர் சாதித்துவிட்டார் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சார் கேக் வாங்கிக்கொண்டு சிதம்பரம் போவார். துணைக்கு என்னைக் கூப்பிடுவார். கலியபெருமாள் மனைவி அஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுக்கும். அவன் உள்ளறையிலிருந்து வெளியே வரமாட்டான். வந்தது ஒரே தடவை. ஊன்றுகோலோடு வாசற்படியில் வந்து வழியை மறித்து நின்றான்.

"ஒண்ணு கேக்கறேன் சார். என் தொடைக்குள்ள பூந்து எவன் கலரு பாக்கப்போறான்? அதுக்குப் பதில் சொல்லிட்டு உள்ள வாங்க."

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சார் அவன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், சொல்லிவிடாதீர்கள் என்கிற பார்வை. வாசலில் நின்ற மொபெட் சீட்டின் மேல் கேக்கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ்ஸில் கடலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிடறேன் சார். என்னால தாங்க முடியல."

"அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொன்னா என் பாரம் எறங்கும். அவர் மேல ஏறும். வேணாம்."

அதற்கப்புறம் அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஓய்வு பெற்று, சில வருஷம் உடம்புக்கு முடியாமல் இருந்து, போய்விட்டார். அடக்கத்துக்குக் கம்பெனியே வந்திருந்தது. கலியபெருமாளுக்கு நான் போன் செய்தேன். "கடையில ஆள் இல்ல மாமா" என்று வைத்துவிட்டான். பச்சையம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைப் படிக்கிற சிலர், சாமி உங்கள் பூஜையை ஏற்கவில்லையா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறேன். சாமி சாமியாகத்தான் இருந்தது, புகை புகையாகத்தான் இருந்தது. என் வருத்தம் அதில் இல்லை. ஒரு நல்ல மனிதர் தன் கைக்குக் கீழே இருந்த சுவிட்ச்சைப் போடுவதற்குப் பயந்தார். அப்படிப் பயப்படுகிற மாதிரி நாங்கள் நடந்துகொண்டோம். அதுதான் என்னைத் தின்கிறது.

செல்வி கேட்டதற்குத் தீ என்று இன்னொரு தடவை சொல்லலாம். அப்படிச் சொன்னால், எப்படியும் ஒரு நாள் யாராவது, இது அந்தக் காலத்தில் ஒரு வேதக்காரர் போட்ட ரூல்தானே என்று எடுத்துவிடுவார்கள். உண்மையை எழுதினால் கம்பெனியிலிருந்து யார் மூலமாவது கலியபெருமாள் கண்ணில் படும். அதை அவன் எழுத்தில் படிப்பதைவிட நான் நேரில் சொல்வது மரியாதை. என்னிடம் வாக்கு வாங்கியவர் உயிரோடு இல்லை. அவரிடம் கேட்க வழி இல்லாததால் நடராஜர் சன்னதியில் போய் நின்று கேட்டேன். பிறகு தெற்கு வீதிக்கு நடந்தேன்.

கலியபெருமாள் கடையில் சக்கரம் வைத்த நாற்காலி. இந்த மிஷினிலிருந்து அந்த மிஷினுக்கு நல்ல காலால் உந்தி உந்திப் போகிறான்.

"வாங்க மாமா. தெனம் காலயில கோழி கூவுதோ இல்லியோ, ஒங்க சாமி படம் வாட்ஸப்புல வந்துடுது. வூட்ல அக்கா ஒங்களுக்கு ஒரு வேலயும் குடுக்கறதில்லயா?"

"குடுத்தா செய்ய மாட்டேன்னு தெரியும், அதான் குடுக்கறதில்ல."

அஞ்சலை டீ கொண்டுவந்தது. கூட்டம் குறைகிறவரை இருந்தேன். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவன் யாருக்கோ மார்க் ஷீட் நகல் எடுத்துக்கொண்டே கேட்டான். பாதியில் மிஷினை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை பார்த்த இரண்டு துண்டுகளைப் பற்றிச் சொன்னபோது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் சொல்லி முடித்தேன்.

"ஃபேன் சுவிட்ச்சுல கைய வெச்சாரா?"

"வெச்சாரு. நானே பாத்தேன்."

"போட்டிருக்கலாமே மாமா, அந்த மனுஷன்."

"போட்டிருந்தா நாம என்னா சொல்லியிருப்போம் மாப்ள?"

 அஞ்சலை கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"நான் அங்க இருந்திருந்தா மொத ஆளா சண்டைக்குப் போயிருப்பேன்" என்றான். பிறகு, "பச்சையம்மா சாவும்போது தெரியாமத்தான போச்சி?"

"தெரியாது."

"அது போதும்."

ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து ஆதார் நகல் கேட்டாள். மிஷினைப் போட்டு எடுத்துக் கொடுத்தான். சில்லறை கொடுத்தான். அவள் போன பிறகு என்னைப் பார்க்காமலே பேசினான்.

"வாசப்படில நிக்க வெச்சிக் கேட்டேன். பதில் இருந்திருக்குது அவர்கிட்ட. அத வாய்க்குள்ள வெச்சிக்கிட்டே திரும்பிப் போயிருக்காரு." சில்லறை டப்பாவை மூடிவிட்டு, "அவர எங்க வெச்சிருக்காங்க?"

"முதுநகர்ல. அவுங்க கோயில் கல்லறையில."

"பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆட்டோ போவுமா?"

"வாசல் வரைக்கும் போவும்."

"படி இருக்கா?"

"நுழையற எடத்துல ஒரு படி. நான் புடிச்சிக்கறேன்."

"புடிக்க வேணாம் மாமா. எவ்வளவு ஒசரம்னு மட்டும் சொல்லுங்க."

தரையிலிருந்து கையால் காட்டினேன். அவன் நாற்காலியிலிருந்து குனிந்து என் கையைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"ஏறிடலாம்" என்றான்.